மைதானக் கரையில் நின்ற அம்மா

ரொறன்ரோவில் ஒரு மாசி மாதம் நான் வழுக்கி விழுந்திருக்காவிட்டால் அந்த யப்பான்காரியை எனக்குத் தெரிந்தே இருக்காது. வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் எல்லா இடமும் உப்புப் போட்டிருந்தார்கள். போடாமல் விட்ட ஒரு முழத்தைத் தேடிப் பிடித்துத்தான் நான் காலை வைத்தேன். இடது முழங்காலில் ஏதோ கிழிந்துவிட்டது என்றார்கள். முதியோர் இல்லமொன்றின் குசினியில் எனக்கு வேலை. நாள் முழுக்க நிற்கிற வேலை என்பதால் இரண்டு மாதம் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிசியோ செய்த பெண், பயிற்சிகள் அச்சடித்த தாள் ஒன்றைத் தந்தாள். அதிலிருந்த கோட்டுப் படங்களில் எது கால், எது கதிரை என்று எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து போனில் முழங்கால் பயிற்சி என்று தேடினேன். பயமுறுத்துகிற வைத்தியர்கள் நாலைந்து பேர் வந்து போன பிறகு அவள் வந்தாள். நாற்பது தாண்டிய பெண், கட்டை மயிர், வெயிலில் கறுத்துப் புள்ளி விழுந்த முகம். ஒரு சின்னக் குசினிக்குள் நின்று, இரண்டு முழங்கால்களிலும் இருந்த சத்திரசிகிச்சைத் தழும்புகளைக் காட்டிச் சிரித்தாள். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி எழும்பினாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. வலித்தால் நிறுத்துங்கள், வெட்கமாக இருந்தால் நிறுத்தாதீர்கள் என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் யப்பான் பெண்கள் உதைபந்து அணியில் வருடக்கணக்காகப் பந்தடித்தவள் என்பது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. விளையாடிய காலத்தில் அவளுடைய நாட்டுக்கு வெளியே அவளைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லையாம். ஓய்வு பெற்று, முழங்கால் இரண்டும் போன பிறகு, அரிசி கழுவிக்கொண்டே காலால் பந்தைத் தட்டுகிற வீடியோ ஒன்றைப் போட்டிருக்கிறாள். பந்து நிலத்தில் விழவில்லை. அரிசியும் சிந்தவில்லை. அதற்குப் பிறகு உலகமே அவளுடைய குசினிக்குள் வந்துவிட்டது. பிரேசிலில் இருந்து எழுதினார்கள், நைஜீரியாவில் இருந்து எழுதினார்கள், நோர்வேயில் ஆடு வளர்க்கும் ஒரு கிழவர் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஆட்டின் படம் அனுப்பினார். அவளும் சலிக்காமல் பதில் போடுவாள். எனக்கு அந்தப் பந்தின் சட்டதிட்டம் ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் ஓஃப்சைட் என்றால் என்னவென்று கேட்டால் முழிப்பேன். ஆனாலும் காலையில் தேத்தண்ணி வைத்துவிட்டு முதலில் பார்ப்பது அவளைத்தான்.

"இஞ்சேரும், இண்டைக்கு உம்மட யப்பான் சிநேகிதி என்ன சமைச்சவ?" என்று என் கணவர் வேலைக்கு வெளிக்கிடும்போது கேட்பார்.

"அவ சமைச்சா உங்களுக்கென்ன? உங்களுக்கு நான்தானே சமைக்கிறன்" என்பேன்.

ஒருநாள் துணிந்து அவளுக்குக் கீழே எழுதினேன். தமிழில் எழுத, போன் அதை ஆங்கிலமாக்கித் தந்தது. உங்களால் படி ஏறுகிறேன், நன்றி என்று எழுதினேன். அவள் ஒரு சிவப்பு இதயம் போட்டாள். அந்த இதயத்தோடு அன்று முழுக்க வீட்டுக்குள் நொண்டி நொண்டித் திரிந்தேன். அதற்குப் பிறகு ஒன்று விடாமல் எழுதினேன். சும்மா இருக்கிற ஆளுக்கு அது ஒரு வேலையாகவும் இருந்தது.

பங்குனி மாதம் ஒரு வீடியோ போட்டாள். அதில் பந்து இல்லை, சமையல் இல்லை. நிலத்தில் உட்கார்ந்தபடி தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மா மீன் விற்றவராம். சந்தையில் இருந்து நேராக இறப்பர் சப்பாத்தோடு மைதானத்துக்கு வந்து கரையில் நிற்பாராம். மழை பெய்தாலும் குடை பிடிக்க மாட்டாராம், பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும் என்று. மற்றப் பிள்ளைகள் மீன் மணக்கிறது என்று மூக்கைப் பொத்துவார்களாம். "எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த மணம் வராத நாளில் எனக்குப் பந்து காலில் ஒட்டவில்லை" என்று சொன்னாள். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டாள். உங்களுக்காக மைதானக் கரையில் நின்றவர் யார்? நீங்கள் யாருக்காக நின்றீர்கள்? எழுதுங்கள், நான் வாசிக்கிறேன் என்றாள்.

நான் எழுதினேன்.

"ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். என் மகளும் சின்ன வயதில் பந்தடித்தாள். குளிரிலும் மழையிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கரையில் நின்றேன். தோடம்பழம் உரித்து ஒரு பெட்டியில் கொண்டுபோவேன். பாதி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் என்னிடம் ஓடி வருவார்கள். எனக்கு விளையாட்டுத் தெரியாது. என் பிள்ளையின் முகம் மட்டும் தெரியும்."

இதில் மகள் பந்தடித்தாள் என்பதும், எனக்கு விளையாட்டுத் தெரியாது என்பதும் உண்மை. மற்றதெல்லாம் பொய். சும்மா சின்னப் பொய் அல்ல, இன்னொரு பெண்ணிடம் களவெடுத்த பொய். எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடியில் ஒரு பிலிப்பைன்ஸ்காரி இருந்தாள். அவளுடைய மகளும் என் மகளும் ஒரே அணி. சனிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனவள் அவள். தோடம்பழம் உரித்தவள் அவள். என் மகள் வீட்டுக்கு வந்து அந்தத் தோடம்பழக் கதையைச் சொல்லும்போது, கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிடு என்று சொன்னதுதான் நான் செய்தது.

ஏன் அப்படி எழுதினேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த யப்பான்காரிக்கு நல்லவளாகத் தெரிய வேண்டும் என்று ஒரு ஆசை. இதயம் போடுவாள் என்ற ஆசை. எழுதும்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கடைசி வரியை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இதை நினைக்கத்தான் இப்போது கூடுதலாக வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாளில் என் வரிகள் எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றன. அவளே அதை மேலே ஊசி குத்தி வைத்திருந்தாள். கீழே யார் யாரோ, எந்த எந்த நாட்டிலிருந்தோ, உங்களைப் போல ஒரு அம்மா எனக்கு இல்லையே என்று எழுதினார்கள். ஆட்டுக்காரக் கிழவர் ஒரு குட்டிக்கு ரொறன்ரோ என்று பெயர் வைக்கப்போவதாக எழுதினார். அடுத்த வீடியோவில் அவள் என் வரிகளை யப்பானிய மொழியில் வாசித்தாள். வாசித்து முடித்து, "ரொறன்ரோ அம்மா, நன்றி" என்று தலை குனிந்தாள். நான் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனேன். அங்கே போய் ஒன்றும் செய்யவில்லை.

அழித்திருக்கலாம். அன்றைக்கே அழித்திருந்தால் யாருக்கும் தெரிய வந்திருக்காது. ஆனால் மார்க்கம் நகரில் இருக்கும் என் மச்சாளுக்கு, கணவரின் தங்கைக்கு, என்னைப் போலவே முழங்கால் வருத்தம். நான்தான் யப்பான்காரியின் பயிற்சி நல்லது என்று அவளுக்கு அனுப்பியிருந்தேன். என் பெயரோடு மேலே நின்றதைக் கண்டதும் அவள் அதைப் படம் பிடித்து, தமிழாக்கி, எங்கள் குடும்பக் குறூப்பில் போட்டுவிட்டாள். லண்டன், பாரிஸ், மட்டக்களப்பு என்று முப்பது நாற்பது பேர் இருக்கிற குறூப். "எங்கட மச்சாள் உலகப் புகழ்!" என்று மேலே ஒரு வரி. கைகூப்பலும் பூவும் மளமளவென்று வந்து விழுந்தன. "நீங்கள் உண்மையான தாய்" என்று லண்டனில் இருந்து ஒரு பெரியம்மா குரலில் சொல்லி அனுப்பினார்.

அந்தக் குறூப்பில் என் மகளும் இருக்கிறாள்.

அவளுக்கு இப்போது முப்பது வயது. கலியாணம் கட்டி ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போய்விட்டாள். இரண்டு கிழமைக்கு ஒருதடவை ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவாள். அந்தப் படத்தை யார் யார் பார்த்தார்கள் என்று அமத்திப் பார்த்தேன். அவளுடைய பெயர் இருந்தது. பார்த்த நேரம் வியாழக்கிழமை மத்தியானம். அவள் ஒன்றும் எழுதவில்லை. கைகூப்பல் இல்லை, பூ இல்லை, சண்டையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாளா, வந்தால் என்ன கேட்பாள் என்று மூன்று நாளும் குறூப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். அவளுடைய பந்து விளையாட்டை முடித்து வைத்தவள் நான்.

நடந்தது இதுதான். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு சங்கத்துக்கு விளையாடிக்கொண்டிருந்தாள். நல்லாய் விளையாடுகிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கோடையில் கிங்ஸ்ரனில் நடக்கவிருந்த சுற்றுப்போட்டிக்கும் அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். சித்திரை முடிகிற நேரம் அவள் பெரியபிள்ளை ஆனாள். வீட்டில் தண்ணி வார்த்துச் சடங்கை முடித்தோம். பெரிய சாமத்திய வீட்டுக் கொண்டாட்டத்தை ஆவணியில் மண்டபத்தில் செய்வது என்று தீர்மானித்தோம். லண்டன்காரரும் பாரிஸ்காரரும் அப்போதுதான் வரலாம். மண்டபம், மேடை, பல்லக்கு, படப்பிடிப்பு, வீடியோ என்று எங்களுடைய சக்திக்கு மேலே இழுத்துப் போட்டோம். நாங்கள் அகதியாக வந்து இறங்கி, இரண்டு பேரும் இரண்டு வேலை செய்து, சொந்தக்காரருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கப்போகிற முதல் நாள் அது என்று நினைத்தேன். பிள்ளைக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

மேக்கப் செய்கிற அன்ரி பார்க்க வந்தா. பிள்ளையின் கன்னத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தா. "வடிவான பிள்ளை. ஆனா இப்பிடி வெயிலில விட்டா ஆவணியில என்னாலை ஒண்டும் செய்யேலாது. படத்தில முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமா விழும். பந்தடியை இப்போதைக்கு நிப்பாட்டுங்கோ" என்றா.

அதற்கு முதல் கிழமைதான் ஒரு கலியாண வீட்டில் யாரோ, பெட்டை பந்தடித்துக் கறுத்துப்போனாளே என்று என் காதுபடச் சொல்லியிருந்தார்கள். அது உள்ளே குத்திக்கொண்டு இருந்தது. சேலையைத் தூக்கி நடக்கும்போது தெரிகிற மாதிரிக் காலெல்லாம் கீறலும் கண்டலும் வேறு. அன்றிரவே அவளுடைய பந்துச் சப்பாத்தை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். வைகாசியில் இருந்து ஆவணி வரை அவளை வெயிலில் விடவில்லை. பின்னேரங்களில் கடலைமாவும் தயிரும் பூசி இருத்தினேன். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டு இருப்பாள். நான் திரையை இழுத்து விடுவேன்.

இரண்டு பயிற்சிக்கு அவள் போகாமல் விட, அவளுடைய கோச் ரெலிபோன் எடுத்தா. அப்போது என்னுடைய ஆங்கிலம் வேலைக்கும் கடைக்கும் மட்டும்தான் காணும். எங்கள் வீடுகளில் டொக்டரிடம் கதைப்பதும், வங்கியில் கதைப்பதும், பள்ளிக்கூடத்தில் தங்களைப் பற்றியே ரீச்சர் சொல்வதைத் தாய்க்குத் தமிழில் சொல்வதும் பிள்ளைகள்தான். நான் ரெலிபோனை அவளிடம் நீட்டினேன்.

"முழங்கால் நோ எண்டு சொல்லு. டொக்டர் ஓடவேண்டாம் எண்டு சொன்னவர் எண்டு சொல்லு."

அவள் ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்லன்" என்றேன்.

அவள் திரும்பி நின்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை. மற்றப் பக்கத்தில் கோச் கேட்கக் கேட்க, இவள் "யெஸ், யெஸ்" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

"சொல்லிட்டியோ?"

"ஓம்."

ஒரு பிள்ளை தன்னுடைய ஆசையைத் தானே மறித்துப் பொய் சொல்ல வேண்டும், அதையும் தன் வாயாலேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் செய்துவிட்டு, அந்த நிமிடமே உழுந்து ஊறப்போடப் போனேன். ஆவணியில் எல்லாம் வடிவாக நடந்தது. படங்களில் முகமும் கையும் ஒரே நிறமாக விழுந்தன. புரட்டாதியில் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தேன். இனிப் போகலாம் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். அவளுக்கே விருப்பமில்லை என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானும் அதை நம்பிவிட்டேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் அவள் வழக்கம்போல வந்தாள். கணவனுக்கு வேலை என்று தனியாக வந்தாள். நண்டுக் கறி வைத்திருந்தேன். அவளுக்குப் பிடிக்கும். அவள் சாப்பிட்டாள், வேலையைப் பற்றிச் சொன்னாள், என் முழங்காலை அமத்திப் பார்த்தாள். யப்பான்காரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் கணவர் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். கோப்பைகளைக் கழுவ அவள் எழும்பியபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீ அதை வாசிச்சனியோ?"

"ஓம் அம்மா."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

அவள் தண்ணீரை நிறுத்தினாள். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"வாசிக்க நல்லா இருந்தது அம்மா. ஐ மீன், றியலி நைஸ். அதில வாற அந்தப் பிள்ளைக்கு நல்ல லக் எண்டு நினைச்சன்."

கதிரையில் இருந்த எனக்கு எழும்ப வேண்டும் போல இருந்தது. முழங்கால் விடவில்லை. "நான் அதை இப்பவே அழிக்கிறன்" என்று போனை எடுத்தேன்.

"அழிக்காதேங்கோ."

"ஏன்?"

"அழிச்சா ஒண்டும் நடக்காத மாதிரிப் போயிடும். நீங்கள் அப்பிடித்தான் செய்வீங்கள்."

அது சரி. நான் அப்படித்தான் செய்வேன். கோச்சிடம் முழங்கால் நோ என்று சொல்ல வைத்தது என்னுடைய பிழை, அதற்காக என்னை மன்னித்துக்கொள் என்று அப்போதுதான், பதினெட்டு வருடம் கழித்து, அவளிடம் கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"நான் அவவுக்கு முழங்கால் எண்டு சொல்லேல்லை."

"என்ன சொன்னனி?"

"எனக்கு இனி விளையாட விருப்பமில்லை எண்டு சொன்னனான். போர் அடிக்குது எண்டு சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"முழங்கால் எண்டு சொல்லியிருந்தா அவ வீட்டை வந்திருப்பா அம்மா. ஐஸ் பாக்கையும் கொண்டு வந்திருப்பா. அவ அப்பிடித்தான். வந்து பாத்தா நீங்கள் பொய் சொன்னது தெரிஞ்சிருக்கும். நீங்கள் பிடிபட்டிருப்பியள்." அவள் தோளைக் குலுக்கினாள். "அவ கனக்க டிசப்பொயின்ற்றட். என்னட்டை, யு வேர் மை பெஸ்ற் வண் எண்டவ. அதுக்குப் பிறகு நான் எப்பிடித் திரும்பிப் போறது?"

பன்னிரண்டு வயது. கடலைமா பூசிய முகத்தோடு நின்று, ஒரு நிமிடத்தில் இவ்வளவையும் யோசித்து, தாயின் மானத்துக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று, சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். இந்த வரிகளை எழுதும்போதும் எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அவள் இருக்கும்போதே எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதித் தா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, தமிழிலேயே எழுதினேன். "மேலே நான் எழுதியது பொய். நான் ஒருநாளும் கரையில் நிற்கவில்லை. தோடம்பழம் கொண்டுவந்தது வேறொரு தாய். என் மகள் கறுத்துப்போவாள் என்று அவளை வீட்டுக்குள் வைத்திருந்தேன். பிறகு அவள் விளையாட்டை விட்டுவிட்டாள்." மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

"கடைசி வசனம் சரியில்லை. நான் விடேல்லை" என்றாள்.

அதை அழித்துவிட்டு, நான் அவளை நிறுத்திவிட்டேன் என்று எழுதினேன். அனுப்பு என்பதை அமத்த எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

யப்பான்காரி பதில் போடவில்லை. அடுத்த நாள் பார்த்தபோது ஊசியைக் கழற்றியிருந்தாள். சிலர் திட்டினார்கள். உங்களால்தான் நான் என் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன், அதுவும் பொய்யா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அது திட்டியவர்களைவிடக் கூடுதலாகச் சுட்டது. அந்தப் பிலிப்பைன்ஸ்காரியை எனக்கு இப்போது எங்கே தேடுவது என்று தெரியாது. அவர்கள் வீடு மாறிப் போய்க் கன காலம். மச்சாள் இரண்டாம் நாளே ரெலிபோன் எடுத்தாள்.

"உமக்கென்ன விசரே? நல்லா இருந்ததைக் கொண்டுபோய் ஏன் கெடுத்தனீர்? நான் இப்ப குறூப்பில என்னத்தைச் சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லும்" என்றேன்.

"ஆர் உதெல்லாம் கேட்டது? எல்லாரும்தான் பிள்ளையளை வெயிலில விடேல்லை. நானும்தான் விடேல்லை" என்று சொன்னவள், சட்டென்று கதையை மாற்றி முழங்கால் எப்படி என்று கேட்டாள்.

இரண்டு கிழமை கழித்து மகள் திரும்பவும் வந்தாள். பனி கரைந்து வெளியில் வெயில் எறித்தது. சோபாவில் காலை மடித்து இருந்தபோது காற்சட்டை மேலே போய், கணுக்காலுக்கு மேலே நீலமாய்க் கண்டியிருந்தது தெரிந்தது.

"இதென்ன பிள்ளை, எங்கை விழுந்தனி?"

"விழேல்லை. பந்தடிச்சது."

அவள் போனில் எதையோ பார்த்தபடியே சொன்னாள். ஸ்ரௌவ்வில்லில் பெண்களுக்கு ஒரு அணி இருக்கிறது. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், சிலர் பிள்ளை பெற்றவர்கள். குளிருக்கு உள்ளே, கோடைக்கு வெளியே. புதன்கிழமைகளில் விளையாடுகிறார்கள். அவள் போகத் தொடங்கி ஆறு வருடமாகிறது. ஆறு வருடமாக இரண்டு கிழமைக்கு ஒருதடவை என் மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறாள். என் கணவருக்குத் தெரியுமாம்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் கவலைப்படுவியள்" என்றாள். எதைப் பற்றிக் கவலைப்படுவேன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னேரம் வெளிக்கிட்டாள். நண்டுக் கறி மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். வாசலில் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் முழங்கால் இப்போது பரவாயில்லை, ஒரு மணித்தியாலம் நிற்கலாம். அதையெல்லாம் முதலே மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"புதன்கிழமை நான் வந்து பாக்கட்டோ?"

அவள் உடனே நிமிரவில்லை. மற்றச் சப்பாத்தையும் கட்டி முடித்தாள். எழும்பி என் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள்.

"வேண்டாம் அம்மா."

"நான் ஒண்டும் சொல்லமாட்டன். தள்ளித்தான் நிப்பன்."

"தெரியும். நீங்கள் வந்தா உங்களுக்குக் குளிருதோ, கால் நோகுதோ எண்டு நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன். எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் பந்தை மட்டும் பாக்கவேணும்." என் தோளில் கையை வைத்தாள். "கோபமில்லை அம்மா. வேண்டாம்."

கெஞ்சலாம் போல இருந்தது. தாய் அல்லவா, ஒருதடவை வரக் கூடாதா என்று அழுதால் அவள் சரி என்றுதான் சொல்வாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை என்பது எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

சரி பிள்ளை என்றேன். அந்தப் பந்து விஷயத்தில் அவள் கேட்டு நான் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.